லிஸ்டன் & இசக்கி

அறுபத்தி நாலு. லேப்டாப் திரையில் அந்தப் பச்சைக் கோடு அறுபத்தி நாலு சதவீதத்தில் வந்து நின்றுவிட்டது, பழைய பஸ் ஸ்டாண்டில் ஆள் நிறையாமல் எடுக்க மாட்டேன் என்று உறுமிக்கொண்டே நிற்கிற மினி பஸ் மாதிரி. நிற்கட்டும், நிற்கட்டும் என்று இசக்கி நினைத்தான். நூறு ஆனதும் சொல்லிவிடலாம், புரோகிராம் எழுதுகிற எடிட்டர் இறங்கி முடிந்ததும் திரும்பி உட்கார்ந்து சொல்லிவிடலாம், அதுவரைக்கும் இந்த முதுகு முதுகாகவே இருக்கட்டும். முதுகுக்குப் பின்னால் கட்டிலில் லிஸ்டனின் அப்பா அருளப்பன் அங்கிள் உட்கார்ந்திருந்தார். மேசை லிஸ்டனுடையது. லேப்டாப்பும் லிஸ்டனுடையது, வாங்கி நாலு நாள்கூட அவன் அதைத் தொடவில்லை, திரையின் ஓரத்தில் ஒட்டியிருந்த கண்ணாடித்தாளை உரிக்காமலே டெங்குவில் போய்விட்டான், இன்றைக்கு இருபத்தேழாவது நாள். ஒரு காதில் மாட்டியிருந்த இயர்போனில் வீடியோக்காரன் பேசிக்கொண்டே இருந்தான், வணக்கம் நண்பர்களே, இந்த வீடியோல நாம என்ன பாக்கப் போறோம்னா, வெப் டெவலப்மெண்டுக்கு நம்ம சிஸ்டத்தை எப்படி ரெடி பண்றது, ரொம்ப ரொம்ப சிம்பிள் நண்பர்களே, பயப்படவே வேண்டாம். பயப்படவே வேண்டாமாம். அந்த ஆளின் குரலை இசக்கி ரெண்டு நிமிஷத்தில் பிடித்துவிட்டான், ‘நண்பர்களே’யில் ‘ந’வை மூக்கால் நசுக்கி ‘ளே’வை இழுத்து மேலே தூக்கிப் போடுகிறான், உள்ளுக்குள் யாரும் கேட்காமல் நாக்கு அதைச் செய்து பார்த்தது, பார்த்ததும் வெட்கப்பட்டு ஒடுங்கியது. ஒரே ஒரு வெப் பக்கத்துக்கு இத்தனை சாமான் தேவையே இல்லை. வெறும் நோட்பேடில் பத்து வரி எழுதினால் அஞ்சே நிமிஷத்தில் அங்கிள் கேட்டது வந்துவிடும். அது அங்கிளுக்குத் தெரியாது. இவனுக்குத் தெரியும். தெரிந்துதான் எடிட்டர், அதற்குமேல் சர்வர் ஓட்டும் கருவி, அதற்குமேல் முந்நூறு பேக்கேஜ் என்று கல்யாண வீட்டுக்குப் பந்தி போடுகிற மாதிரி ஒவ்வொன்றாக இறக்கிக்கொண்டிருந்தான்.

லிஸ்டனும் இவனும் கடைசி வருஷ ப்ராஜெக்டாக அங்கிளின் மீன்வலைக் கடைக்கு வெப்சைட் செய்வதாக இருந்தது, வலை, கயிறு, மிதவை, எல்லாவற்றுக்கும் படம், விலை. இப்போது அங்கிளுக்கு வலையும் வேண்டாம் கயிறும் வேண்டாம். ஒரே ஒரு பக்கம் போதும், முப்பதாம் நாள் பூசைக்கு முன்னால் ஊர் முழுக்கப் பார்க்கிற மாதிரி. மேலே டாக்டர் ஞானசிகாமணியின் பேர். கீழே, காய்ச்சலோடு போன் பண்ணிய பிள்ளையை நேரில் வரச் சொல்லாமல் ரெண்டு மாத்திரையில் தூங்கவைத்த டாக்டர் இவர்தான் என்று. அவ்வளவுதான் மக்கா, வேற ஒண்ணும் வேண்டாம், அலங்காரம் வேண்டாம், என்று காலையில் சொல்லும்போது அங்கிளின் குரல் வலைக்கடையில் மீட்டர் அளக்கிற குரலாகவே இருந்தது, இத்தனை மீட்டர், இத்தனை கண்ணு, கூடவும் வேண்டாம் குறையவும் வேண்டாம். அந்தக் குரலையும் இசக்கிக்குச் செய்ய வரும். காலேஜில் யார் குரல் வராது அவனுக்கு. பிரின்சிபல் குரலில் ஆபீஸுக்குப் போன் பண்ணி மத்தியானம் லீவு விட்டிருக்கிறான். ஹாஸ்டல் வார்டன் குரலில் வார்டனையே கூப்பிட்டு மிரட்டியிருக்கிறான். பக்கத்தில் நின்று லிஸ்டன் சத்தமே வராமல் தோளை மட்டும் குலுக்கிச் சிரிப்பான், கண்ணில் தண்ணீர் முட்டும், போதும்ல, செத்துருவேன், என்று கையெடுத்துக் கும்பிடுவான். அந்தத் தோள் குலுங்குவதற்காகத்தான் எல்லாக் குரலும். ஞானசிகாமணி டாக்டரின் குரலும் அதற்காகத்தான். தொண்டையை ரெண்டு தடவை கனைக்க வேண்டும், மூக்கை லேசாக அடைக்க வேண்டும், ஒண்ணுமில்லடா தம்பி என்று ஆரம்பிக்க வேண்டும். அந்தச் செவ்வாய்க்கிழமை மத்தியானம் லிஸ்டன் போன் பண்ணினான், வீட்ல ஒருத்தரும் இல்லல, உடம்பு நெருப்பாக் கொதிக்கி, வண்டியை எடுத்துட்டு வாறியா, டாக்டர்ட்ட ஒரு எட்டுப் போயிட்டு வந்துரலாம். வெயில். இசக்கி சாப்பிட்டுவிட்டு ஃபேனுக்குக் கீழே வெறும் தரையில் படுத்திருந்தான். எழுந்திருக்கப் பிடிக்கவில்லை, விஷயம் அவ்வளவுதான், உலகத்தில் வேறு எந்தக் காரணமும் இல்லை, சட்டை போடச் சோம்பல். கனைத்தான், ரெண்டு தடவை. ஒண்ணுமில்லடா தம்பி. ரெண்டு பாரசிட்டமால். கொஞ்சம் கஞ்சி. நல்லாத் தூங்கு, நாளைக்கு எந்திரிச்சு ஓடுவ. அந்தப் பக்கம் லிஸ்டன் சிரித்தான், ஸ்பீக்கரில் போட்டுச் சிரித்தான். சாப்பிட வந்த அங்கிள் வாசலில் செருப்பைக் கழற்றிக்கொண்டே அதைக் கேட்டார், யாருல அது என்றார், டாக்டருப்பா என்று லிஸ்டன் சொன்னான். விளையாட்டுக்குத்தான் சொன்னான். அங்கிள் நிம்மதியாகச் சாப்பிட்டுவிட்டுக் கடைக்குத் திரும்பிப் போனார். ரெண்டு நாள் லிஸ்டன் தூங்கினான்.

நூறு. எப்போது ஆனது. ஆகிவிட்டது, ஃபினிஷ் என்று ஒரு பெட்டி வந்து நிற்கிறது, சொல்லு இப்போது, திரும்பு, அங்கிள் அது டாக்டர் இல்ல. கழுத்து திரும்பவில்லை. நண்பர்களே, எடிட்டர் ஓப்பன் ஆனதும் உங்களுக்கு ஒரு வெல்கம் பேஜ் வரும், கலர் தீம் செலக்ட் பண்ணிக்கோங்க, கண்ணுக்கு நல்லது டார்க் தீம். இசக்கி டார்க் தீமைத் தேர்ந்தெடுத்தான். எழுத்தின் அளவைக் கூட்டினான், குறைத்தான், மறுபடி கூட்டினான். அடைப்புக்குறிகளுக்குக் கலர் போடுகிற ஒரு எக்ஸ்டென்ஷன், வரிகளை ஒழுங்காக நறுக்கி வைக்கிற இன்னொன்று, தேவையே இல்லாத மூன்றாவது ஒன்று. பின்னால் கட்டில் கிரீச்சென்றது, அங்கிள் ஆரம்பித்துவிட்டார், பத்தாவது தடவையோ பதினொன்றாவது தடவையோ. கனைச்சாம்ல ரெண்டு தடவை, வாசல்ல நின்னு கேட்டேன், இருபது வருசமாக் கேக்குற குரலு எனக்குத் தெரியாதா. டாக்டர்ட்ட நேராப் போய்க் கேட்டேன், எங்கிட்ட யாரும் பேசலைங்கான், போனையே எடுத்து நீட்டுதான், பாருங்கங்கான், அழிச்சிட்டு நீட்டுனா எனக்கு எப்படித் தெரியும். லிஸ்டனுடைய போன் ஆஸ்பத்திரிக் கூட்டத்தில் எங்கேயோ காணாமல் போயிருந்தது. அழித்தது டாக்டர் இல்லை. லிஸ்டன் இறந்த அன்று சாயங்காலம் காலேஜ் கக்கூஸில் நின்று இசக்கிதான் தன் போனிலிருந்து அந்த ஒரு அழைப்பை அழித்தான், நாலு நிமிஷம் பன்னிரண்டு விநாடி, அழித்ததும் ஒரு கணம் அது நடக்கவே இல்லை என்பதுபோலக்கூட இருந்தது. போன வாரம் டாக்டரின் கிளினிக் வழியாக நடந்தான். வாசலில் பெஞ்சு காலியாகக் கிடந்தது. அங்கிள் அங்கே நின்று கத்திய நாளிலிருந்து கூட்டம் குறைந்துவிட்டதாகப் பக்கத்து மெடிக்கல்காரர் சொன்னார். உள்ளே டாக்டர் மேசைக்குப் பின்னால் உட்கார்ந்து பிரஷர் பார்க்கிற பட்டையைச் சுருட்டுவதும் பிரிப்பதுமாக இருந்தார். இவனைப் பார்த்து, என்னடா தம்பி காய்ச்சலா என்றார். கனைக்கவே இல்லை. அவர் எப்போதும் கனைப்பாரா, அல்லது அது இசக்கி தானாகச் சேர்த்துக்கொண்டதா. அதை யோசித்துத்தான் ஒரு ராத்திரி முழுக்கத் தூக்கம் போனது.

லிஸ்டனின் அம்மா, ஆன்ட்டி, டீ கொண்டுவந்து வைத்தாள், டம்ளரின் மேல் வைத்திருந்த பிஸ்கட்டை எடுத்துக்கோ என்று கண்ணால் சொன்னாள், போனாள். டீ குடிக்கிறவரை சொல்ல வேண்டாம், டீயோடு அதைச் சொல்ல முடியாது. சர்வர் கருவியை இறக்கினான். நெக்ஸ்ட், நெக்ஸ்ட், ஐ அக்ரீ, எதற்குச் சம்மதிக்கிறோம் என்று யாருக்கும் தெரியாத சம்மதம், நெக்ஸ்ட். பிறகு அந்தக் கறுப்பு டெர்மினலைத் திறந்தான், வீடியோக்காரன் சொன்ன வரியை எழுத்து எழுத்தாக அடித்து எண்டர் தட்டினான். கறுப்பில் வெள்ளை எழுத்துகள் ஒரு வரி வந்து நின்றன. அதில் அவன் பேர் இருந்தது. இசக்கி என்பது உள் கட்டளையாகவும் அறியப்படவில்லை, வெளிக் கட்டளையாகவும் அறியப்படவில்லை. இங்கிலீஷில்தான் இருந்தது, ஆனால் கோர்ட்டு டவாலி மூன்று தடவை பேர் கூப்பிட்டுவிட்டு ஆள் இல்லை என்று உள்ளே திரும்பிச் சொல்கிற குரல் அதற்கு. மறுபடி தட்டினான். மறுபடியும் அதே வரி. இது எப்படி இவன் பேரைப் பிடித்தது, யார் சொன்னது இதற்கு. அந்த வரியை ரெண்டு நிமிஷம் திரும்பத் திரும்பப் படித்த பிறகுதான் புரிந்தது. லேப்டாப் வாங்கிய அன்றைக்குக் கடையிலேயே வைத்து, உங்க பேர் என்ன என்று திரை கேட்டதும் லிஸ்டன் தன் பேரை மட்டும் போடவில்லை, படிப்பு முடிந்ததும் ஆரம்பிக்கப்போகிற கம்பெனியின் பேரைப் போட்டான், போர்டு எழுதுகிற மாதிரி நடுவில் ஒரு & போட்டு, லிஸ்டன் & இசக்கி. எல்லா ஃபைலும் அந்தப் பேருள்ள ஃபோல்டருக்குள்தான் போய் உட்காரும். டெர்மினலுக்கோ & என்றால் முதல் வேலை முடிந்தது, அடுத்த வேலையைச் சொல் என்று அர்த்தம். லிஸ்டன் வரை படித்து அங்கேயே வெட்டிக்கொண்டு, மிச்சம் இருந்தவனைப் பார்த்து நீ யார் என்கிறது. லிஸ்டனுக்கும் தெரிந்திருக்காது, தெரிந்திருந்தால் தோளைக் குலுக்கியிருப்பான், பாத்தியால, கம்பெனி தொடங்கும்போதே உன்னைத் தூக்கிட்டாங்க. சிரிப்பு வந்தது, நிஜமாகவே தொண்டை வரை வந்து முட்டி வேறு எதுவாகவோ மாறிக் கண்ணுக்குப் போனது.

என்ன மக்கா நின்னுபோச்சு, என்று அங்கிள் எழுந்து வந்து தோளுக்குப் பின்னால் நின்றார். கண்ணாடியை நெற்றியிலிருந்து இறக்கி ஒவ்வொரு எழுத்தாகப் படித்தார். “உன் பேரு போட்டிருக்கு. என்ன சொல்லுது?” இசக்கி, என்னைத் தெரியாதுங்குது அங்கிள், என்றான். பேரின் நடுவில் இருக்கிற அந்தக் குறி இருந்தால் வேலை நடக்காது, ஃபோல்டர் பேரை மாற்றினால் மொத்தமும் குழம்பிவிடும், புதுசாக வேறு ஒரு கணக்குத் தொடங்கி முதலிலிருந்து வர வேண்டும், என்று விளக்கினான். விளக்கும்போதே ஒரு கேடுகெட்ட நம்பிக்கை உள்ளே எழுந்தது, அங்கிள் வேண்டாம் என்பார், என் பிள்ளை வச்ச பேரு, அதைத் தொடாத, மூடிரு என்பார், மூடிவிட்டுப் போய்விடலாம், இன்றைக்கு இல்லை, நாளைக்கு, பூசை முடிந்ததும், என்றைக்காவது சொல்லலாம். அங்கிள் வெகுநேரம் அந்தக் & குறியையே பார்த்துக்கொண்டிருந்தார், கயிற்றில் விழுந்த முடிச்சைப் பார்க்கிற மாதிரி. அவன் பேரு மட்டும் வை, என்றார். அது போதும்லா. போதும் அங்கிள். புதுக் கணக்கு. லிஸ்டன். ஒற்றைப் பேர். எழுத்துகளை அடிக்கும்போது இறந்தவன் பேரைப் பள்ளிக்கூட ரெஜிஸ்டரில் மறுபடி எழுதுகிற குமாஸ்தா போல இருந்தது. திரை நீலமாகி, வணக்கம் என்றது, உங்களுக்காக எல்லாவற்றையும் தயார் செய்கிறோம் என்றது, கொஞ்ச நேரம் ஆகலாம், அணைத்துவிடாதீர்கள். ஆஸ்பத்திரியில் கண்ணாடிக் கதவுக்கு வெளியே நின்றபோது நர்ஸும் இதே குரலில்தான் சொன்னாள், கொஞ்சம் வெயிட் பண்ணுங்க, பாத்துக்கிட்டிருக்கோம். மறுபடி எடிட்டர், மறுபடி பச்சைக் கோடு, மறுபடி டார்க் தீம். முந்நூற்றுப் பன்னிரண்டு பேக்கேஜ்கள் கறுப்புக்குள் எறும்பு வரிசை போல இறங்கின, ஒவ்வொன்றையும் எங்கேயோ யாரோ எழுதியிருக்கிறார்கள், ஒருத்தனுக்கும் மற்றவனைத் தெரியாது, ஒருத்தன் ஒரு புள்ளி தப்பாக வைத்தால் முந்நூறும் நிற்கும். இந்த முறை எதுவும் நிற்கவில்லை. எந்தத் தடங்கலும் இல்லை. இவன் பேர் இல்லாமல் எல்லாம் வழுக்கிக்கொண்டு போனது.

சர்வர் ஓட ஆரம்பித்தது. பிரவுசரில் லோக்கல்ஹோஸ்ட் என்று ஒரு வெள்ளைப் பக்கம் திறந்தது. நண்பர்களே, இது உங்க மெஷின்ல மட்டும்தான் தெரியும், வெளில யாருக்கும் தெரியாது, அதனால தைரியமா என்ன வேணாலும் எழுதிப் பாருங்க. இசக்கி இயர்போனைப் பிடுங்கினான். வீட்டில் சட்டென்று சத்தம் வந்தது, சமையலறையில் குழாய், தெருவில் மீன் வண்டியின் ஹாரன், பின்னால் மூச்சு. இனி இறக்க ஒன்றும் இல்லை. திரும்பினான். நாற்காலியும் கூடத் திரும்பியது. அங்கிளின் சட்டைப் பையில் மடித்து வைத்த ஒரு தாள் தெரிந்தது, அதில்தான் டாக்டரின் பேரும் படிப்பும் எழுதி வைத்திருப்பார். “அங்கிள், அன்னைக்குப் பேசுனது டாக்டர் இல்ல. நான்தான். அவர் மாதிரி நான்தான் பேசுனேன்.” சொந்தக் குரலில்தான் சொன்னான். சொந்தக் குரல் இவ்வளவு மெல்லியது என்று அவனுக்கே அப்போதுதான் தெரிந்தது, எட்டாம் கிளாஸ் பையனின் குரல் போல, யாரும் இதுவரை காப்பியடிக்கத் தேவைப்படாத குரல். அங்கிள் அவனைப் பார்த்தார். கோபம் வரும் என்று உடம்பு காத்திருந்தது, கன்னம் அடிக்குத் தயாராக இறுகியிருந்தது. அவரோ மெல்லக் கட்டிலின் விளிம்பில் உட்கார்ந்தார். “எல்லாரும் இதத்தாம்ல சொல்லுதீங்க,” என்றார். “அவங்கம்மா, காய்ச்சலுக்கு ரசம் ஊத்தி நான்தான் கொன்னுட்டேங்கா. எம் மச்சினன் ஆஸ்பத்திரிக்கு வண்டி கொண்டுவர லேட்டாக்கிட்டேன்னு குடிச்சிட்டு வந்து அழுதான். நான் சாப்பிட்டுட்டுக் கடைக்குப் போனவன். இந்த வீட்டுல நான்தான் நான்தான்னு சொல்லாத ஆளு ஒருத்தன் இருக்கணும்னு பாத்தேன், நீயும் ஆரம்பிச்சிட்டியா.” இல்ல அங்கிள், நிஜமாவே, என்று இவன் சொல்ல, அவர் பொறுமையாக, சரி பேசிக் காட்டு என்றார். அவர் கேட்டது அன்போடுதான், காய்ச்சல்காரனின் உளறலுக்கு இணங்குகிற அன்பு. இசக்கி வாயைத் திறந்தான். தொண்டையைக் கனைத்தான். வந்தது இவனுடைய கனைப்பு. மூக்கை அடைத்தான், ஒண்ணுமில்லடா தம்பி என்றான், அது வீடியோக்காரன் மாதிரி இருந்தது, மறுபடி செய்தான், பிரின்சிபல் மாதிரி இருந்தது, மூன்றாவது தடவை யார் மாதிரியும் இல்லை, உடைந்த ஒரு காற்று. இருபத்தேழு நாளாக அவன் அந்தக் குரலை உள்ளே அமுக்கி அமுக்கி வைத்திருந்தான், அது இப்போது கூப்பிட்டால் வராத இடத்துக்குப் போய்விட்டிருந்தது. போனைக் காட்டலாம் என்று கை பையைத் தடவியது, அதில் காட்ட ஒன்றும் இல்லை என்று நினைவு வந்து கை அங்கேயே நின்றது. அங்கிள் எழுந்து அவன் தலையில் கை வைத்தார். “அவன்மேல உனக்கு அவ்வளவு பாசம். தெரியும்ல எனக்கு. திரும்பு. டைப் பண்ணு.”

தாளைப் பிரித்து ஒவ்வொரு எழுத்தாகச் சொன்னார். ஒவ்வொரு எழுத்தாக இசக்கி அடித்தான். பெயர், படிப்பு, கிளினிக் இருக்கிற தெரு, செவ்வாய்க்கிழமை, மத்தியானம். சேவ் செய்த கணமே யாரும் எதையும் தொடாமல் பக்கத்துப் பிரவுசரில் எல்லாம் பெரிய எழுத்தில் வந்து நின்றது. அங்கிள் கண்ணாடியைத் துடைத்துப் போட்டுக்கொண்டு முழுவதையும் வாய்விட்டுப் படித்தார், ஒரு தடவை, ரெண்டு தடவை. “ஊரு பாக்குமால இத?” சொல்லிவிடு, இது இந்தப் பெட்டிக்குள் மட்டும்தான், நாலு சுவருக்கு வெளியே ஒரு ஈக்கும் தெரியாது, வெளியே ஏற்ற இன்னும் ஒரு படி இருக்கிறது, அதை நான் செய்யமாட்டேன். “பாக்கும் அங்கிள்,” என்றான். ரொம்பச் சுலபமாக வந்தது, நடுக்கமே இல்லாமல். இத்தனை வருஷத்தில் அவன் செய்த விளையாட்டுகளிலேயே இவ்வளவு சுத்தமாக எதுவும் வந்ததில்லை. லேப்டாப்ப மட்டும் மூடிராதீங்க, மூடினா போயிரும், என்றும் சேர்த்தான். அங்கிள் உடனே சார்ஜர் வயரைக் குனிந்து பார்த்தார், பிளக்கை இன்னும் அழுத்தினார், உள்ளே பார்த்து மிக்சியைப் போடாதட்டி, கரண்டு போயிரப் போவுது என்றார். நாற்காலியை இழுத்து இசக்கி எழுந்த இடத்தில் உட்கார்ந்தார். இன்றைக்குக் கடை திறக்கப் போவதில்லை என்று அந்த உட்காரலிலேயே தெரிந்தது. எத்தனை பேரு பாத்திருக்காங்கன்னு இதுல தெரியுமா, என்று திரையை விட்டுக் கண்ணை எடுக்காமல் கேட்டார். இசக்கி வாசலில் ஒரு செருப்பை மாட்டிவிட்டு இன்னொன்றைத் தேடிக்கொண்டிருந்தான்.

“தெரியும் அங்கிள். இப்ப வரைக்கும் ஒரு ஆளு.”

அங்கிள் முதுகு நிமிர்ந்தது. “அந்த டாக்டராத்தான் இருக்கும்,” என்றார், சத்தம் போடாமல், திரையின் அந்தப் பக்கம் இருப்பவனுக்குக் கேட்டுவிடக் கூடாது என்பதுபோல. “பாத்துட்டாம்ல.”

இசக்கி தெருவில் இறங்கினான். வெயில் நேராக உச்சியில் அடித்தது. நாளைக்கு வந்து பதினேழு பேர் பார்த்தார்கள் என்று சொன்னால் நம்புவார், ஐம்பது என்றால் நம்பமாட்டார், பூசைக்குள் நூறைத் தாண்டலாம், என்று அவன் மனம் அவனைக் கேட்காமலே கணக்குப் போட்டுக்கொண்டு போனது.